ஈரல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது

சென்னை,
17.2.2025

அன்புத் தங்கை ஜெயராணிக்கு, அண்ணன் யோகராஜ் எழுதுவது. நலம். வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லை, நிஜமான நலம். நம் கட்சால் தீவில் டவர் கிடைத்திருந்தால் போனிலேயே கத்தியிருப்பேன். நம் தோட்டத்து ராஜமாணிக்கம் நாளை கப்பலேறுகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் என் குற்றம். திட்டிக்கொண்டே படி. இரண்டு வருடத்துக்கு முன் உன் கல்லீரலில் பாதியை எனக்குக் கொடுத்தாயே, ஆறாவது மாதமே தையல் போட்ட இடத்தில் வீக்கம் வந்துவிட்டது. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் தேங்காய் அளவுக்குத் தள்ளும். நீ கொடுத்த ஈரல்தான் கழன்று வருகிறது என்று நினைத்தேன். சிரிக்காதே. தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன ரப்பர் பால் வாளியை நான் தூக்கியது எனக்குத்தானே தெரியும். வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டிக்கொண்டு திரிந்தேன். செக்கப்புக்குக் கூப்பிட்டால் கப்பல் இல்லை என்று சாக்குச் சொன்னேன். "குடுத்தது வீணாத்தான் போகப்போவுது" என்று உன் மாமியார் அன்றைக்கே சொன்னாரே, அவர் வாயில் விழ எனக்கு இஷ்டமில்லை. உன் முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை.

போன வாரம் வலி தாங்காமல் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தேன். டாக்டர் ஷீலா ஸ்கேனைக் காட்டி, "ஈரல் எங்கயும் போகலைங்க, முழுசா வளர்ந்து ஜம்முனு இருக்கு. வெளிய வர்றது குடல்" என்றார். தழும்புக்கு அடியில் சதை விட்டுப்போயிருந்ததாம். புது ஈரலுக்காக நான் விழுங்கும் மாத்திரைகள் புண்ணை லேசில் ஆறவிடாது, பலருக்கும் இப்படி வரும் என்றார். குடலை உள்ளே தள்ளி, மறுபடி பிதுங்காமல் இருக்க வலை மாதிரி ஒரு துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். நேற்று வார்டில் நிமிர்ந்து நடந்து, வேண்டுமென்றே ஒரு இருமல் இருமிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை! பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அந்தமான் பாராடாங் தீவுக்காரர் "க்யா பாத் ஹை பாய்!" என்று இந்தியில் பாராட்டிக் கைதட்டினார்.

ஜெயித்துவிட்டோம் ஜெயராணி. மாமியாரை உட்காரவைத்து இதுவரை உரக்கப் படித்துக் காட்டு.

இனி நீ மட்டும் படி. பொங்கலன்று பானையை இறக்கும்போது வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டாய். நானும் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். ஈரல் கொடுத்தவர்களுக்கும் இது வருவதுண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். என் மனம் நோகும் என்று மறைக்கிறாய். வேண்டாம் தாயி. அடுத்த கப்பலில் புறப்பட்டு வா. இந்த முறை கட்டில் உனக்கு, பக்கத்து நாற்காலி எனக்கு.

நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
யோகராஜ்