பன்னிரண்டும் ஆறு வாரமும்

பன்னிரண்டு மெழுகுவத்தித் துண்டுகள் என் மேசைமேல் ஒரு பிஸ்கோத்து டப்பாவில் கிடக்கின்றன. போன கிறிஸ்மஸுக்குக் கோயிலில் எரிந்து மிஞ்சியவை. சீமைச் சண்டை தொடங்கியதிலிருந்து கடையில் நல்ல மெழுகுவத்தி கிடைப்பதில்லை என்று, மணியடிக்கிற கோயில்பிள்ளை இவற்றை ஒரே உயரத்துக்கு அரிந்து, திரியை நிமிர்த்திக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைக்கூட இன்று ஏற்றவில்லை. டப்பாவைத் திறந்தால் மெழுகு வாசனையோடு கோயில் வௌவால் வாசனையும் வருகிறது. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா கேக்குல குத்தப் போறீய?" என்று கேட்டிருப்பாய்.

இன்று நவம்பர் இருபத்திரண்டு. நீ போய் ஒரு வருஷம். நம் ஞானப்பூவின் பிறந்தநாள் என்று நாம் வருஷாவருஷம் வைத்துவந்த நாளும் இதுதான். பார், இந்தக் கடிதத்திலும் தேதி போட்டுவிட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து உனக்கு எழுதிய காலத்தில் தேதி போடாமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. நீயோ ஒரு கடிதத்திலும் தேதி போட்டதில்லை. "போன வெள்ளிக்கிழமை மாடு கன்று போட்டது" என்று எழுதுவாய். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டு நான் ஒரு கடிதம் எழுதுவேன். பதில் வருவதற்குள் கன்று புல் தின்ன ஆரம்பித்திருக்கும்.

பங்களாத் துரைசானியின் மகளுக்குப் பிறந்தநாள் விருந்து வைத்தபோது நீயும் ஞானப்பூவும் போய்வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ அந்தத் துரைசானிக்குத் தையல் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். திரும்பி வந்து நடுவீட்டில் உட்கார்ந்து எனக்கு நடித்துக் காட்டினாய். "பன்னெண்டு மெழுகுவத்தி கேக்கு மேல வரிசையா நிக்கி. அந்தப் பிள்ள ஒரே ஊதுல அணைச்சிட்டு. எல்லாரும் கையத் தட்டுதாவ. கேக்குதான் ஒரே இனிப்பு, வாயில வைக்க விளங்கல." பக்கத்தில் நின்ற ஞானப்பூவுக்கு அப்போது பத்து வயது. "யம்மா, எனக்கு?" என்றாள். "ஒனக்கும் பன்னெண்டு வரட்டும். நம்ம வீட்லயும் வைப்போம்" என்றாய். துரைசானி வீட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு என்று நான் முனகினேன். "துரைமாரு பக்கத்துல எட்டு வருசம் உக்காந்து எழுதினது நீங்க. அவிய பழக்கம் எம்பிள்ளைக்கு ஒருநா வந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றாய். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். உன்னிடம் வாதாடித் தோற்றபோதெல்லாம் நான் அதைத்தான் செய்வேன்.

போன வருஷம் இதே நாள் உனக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள். காலையில் கண்ணைத் திறந்து, "பிள்ளையப் புதுப்பாவாடை கட்டச் சொல்லுங்க" என்றாய். கட்டினாள். பச்சைப் பாவாடை, நீ தைத்தது. மத்தியானம் நீ இல்லை. சாயங்காலம் அந்தப் பச்சைப் பாவாடையோடுதான் அவள் கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்றாள். மாற்றிக்கொள்ளச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். வக்கீல் ஆபீசுக்குப் போனேன், வந்தேன். எனக்கு அழுகை வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன், வரவில்லை. காப்பியில் சீனி இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் குடித்தேன். என் அக்கா ஊரைவிட்டு வந்து நம்மோடு இருக்கிறாள். சமையல் பாதி அவள், பாதி ஞானப்பூ.

அக்டோபரில் ஒருநாள் காலை, ஏரல் போதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜனவரியில் ஞானப்பூவைப் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்றார்கள். தலைப்பிரசவத்துக்கு நீ உன் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் அவள் பிறந்ததும் ஏரலில், ஞானஸ்நானமும் அந்தக் கோயிலில்தான். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஞானப்பூ தட்டில் உளுந்தங்களி வைத்தாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணத்தன. நடுவில் குழி பண்ணி எண்ணெய் விட்டிருந்தாள், நீ செய்வது போலவே.

"என்னம்மா விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. உளுந்து கெடந்துச்சு."

நான் பாதி தின்றேன். அப்போதுதான் உன் வாக்கு ஞாபகம் வந்து, "ஒனக்கு அடுத்த மாசம் பன்னெண்டு. அம்மா சொன்ன மாதிரி விருந்து வைப்போமா?" என்று கேட்டேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒங்க இஷ்டம்ப்பா" என்றாள். "களி திகட்டுதும்மா" என்று மீதியை நகர்த்திவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

விருந்துக்கு ஏற்பாடு செய்வது எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் நம்புவாயா? சந்தோஷத்தினால் அல்ல. கைக்கு ஒரு வேலை கிடைத்தது. வக்கீலுக்குப் பத்திரம் எழுதுகிற பெரிய தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். பங்களாவுக்கு ரொட்டி போடுகிற கடை அண்ணாச்சியிடம் கேக் சொன்னேன். "பிறந்தநாளுக்கா? நம்மாளுக வீட்டுக்கு நான் இதுவரை போட்டதில்ல. மேல எழுத்து எழுதணும்னா என்ன எழுத்துனு ஒரு துண்டுத் தாள்ல குடுங்க" என்றார் அவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேரை அழைக்க நினைத்தேன். புதுப் பாவாடைக்கு ரோஸ் நிறத்தில் துணி எடுத்தேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. "ஏலே, வருசம் திரும்புத அன்னைக்குச் செத்த வீட்ல விளக்கேத்தி வாயால ஊதி அணைக்கவா போற? ஒனக்கு மூளை பெசகிட்டா?" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. அன்றைக்கு உனக்கு நினைவு ஜெபம் வைக்க வேண்டும். கல்லறைக்குப் போக வேண்டும். உறவுக்காரர்கள் வருவார்கள். நான் நம் கோயில் உபதேசியாரிடம் போனேன். அவர் தாடையைத் தடவி யோசித்து, "காலையில ஜெபம். சாயந்தரம் பிள்ளைக்கு ஸ்தோத்திரம். ரெண்டுக்கும் ஒரே பந்தல், ஒரே பெஞ்சு. ஆண்டவருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்வே" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. காலையில் கல்லறை, மாலையில் கேக் என்று தாளில் கோடு கிழித்து எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஓர் ஆள் மரத்துப்போனால் எவ்வளவு மரத்துப்போக முடியும் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

ஞானப்பூவிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். கேக்கில் திராட்சை போடச் சொல்லவா என்றால், "போடுங்க." ரோஸ் பாவாடை பிடித்திருக்கிறதா என்றால், "நல்லாருக்கு." யாரை அழைக்கலாம் என்றால், "நீங்க சொல்லுத ஆளக் கூப்பிடுவோம்." அடக்கமான பிள்ளை, உன் வாய் இவளுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

போன வாரம் ஏரலிலிருந்து உறை வந்தது. முதலில் போதகரின் கடிதத்தைப் படித்தேன். "தங்கள் அக்டோபர் ஒன்பதாம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஆற்றில் வெள்ளம் வந்திருந்ததால் பதில் தாமதமாயிற்று" என்று எழுதியிருந்தார். பிறகு சீட்டைப் பிரித்தேன். ஞானஸ்நானம் பெற்ற நாள், நவம்பர் இருபத்திரண்டு. பிறந்த நாள், அக்டோபர் ஒன்பது.

நான் சீட்டைக் கீழே வைத்து, கடிதத்தை எடுத்துப் பார்த்து, மறுபடியும் சீட்டை எடுத்தேன்.

எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்ல முடியாது. அதுதான் வெட்கம். அவள் பிறந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். "போன ஞாயிற்றுக்கிழமை பெண் பிறந்தது, சுகம்" என்று நீ வழக்கம்போல் தேதியில்லாமல் எழுதியிருந்தாய். லீவு கிடைத்து, கப்பல் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, வண்டி பிடித்து நான் ஏரல் வந்து சேர்ந்த அன்றுதான் ஞானஸ்நானம். எனக்காக அதைத் தள்ளிவைத்திருந்தாய். வழிப்புழுதியோடு கோயில் வாசலில் பிள்ளையை வாங்கினேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்று நீ சொன்னாய்: "நீங்க பாத்த நாளத்தான் இவளுக்குப் பிறந்தநாளா வச்சுக்கிடப் போறேன்." விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். மறுவருஷமும் நான் அவளைப் பார்த்த நாளையே பிறந்தநாள் என்று எழுதினாய். அதற்கு மறுவருஷமும் அப்படியே. நான் தோட்ட வேலையை விட்டு ஊரோடு வந்தபோது அதுவே அவள் பிறந்தநாள் ஆகிவிட்டிருந்தது. அதற்கு முன்னால் வேறொரு நாள் இருந்தது என்பதையே மறந்துபோனேன். ஊரார் பத்திரங்களில் தேதி தப்பினால் வரிந்து கட்டிக்கொண்டு திருத்துகிறவன், சொந்த மகள் பிறந்த தேதியை ஒருநாளும் கேட்கவில்லை.

ஞானப்பூ கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சீட்டோடு போய் நின்றேன்.

"ஏம்மா, ஏரலுக்கு நான் கடுதாசி போட்ட அன்னைக்குக் களி கிண்டுனியே, அது ஒனக்குப் பிறந்தநாளா?"

அவள் சாம்பல் கையோடு நிமிர்ந்து சீட்டைப் பார்த்தாள். "ஆமாப்பா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வருசாவருசம் அன்னைக்கு அம்மா களி கிண்டித் தருவா. நான் பிறந்ததும் ஆச்சி அவளுக்கு அதத்தான் குடுத்தாளாம். நீங்க ஆபீசுக்குப் போனப்புறம் நானும் அம்மாவும் அடுப்படியில உக்காந்து திம்போம். ஒங்களுக்கும் ஒரு உருண்டை எடுத்து வைப்பா."

வைத்தாய். சாயங்காலம் வந்ததும் தருவாய். மழைக்காலம் என்பதால் உளுந்து உடம்புக்கு நல்லது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு தின்பேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லக்கூடாதுனு சொல்லிருக்கா. பிறந்தப்ப நாம பக்கத்துல இல்லையேனு அப்பா வருத்தப்படுவாவன்னு சொன்னா." விரலில் ஒட்டிய சாம்பலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க காலையிலேயே என்ன விசேஷம்னு கேட்டியளா. ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டுனு நெனச்சேன். பெறகு அடுத்த மாசம்னு சொன்னிய."

நான் அங்கேயே துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். அவள் ஒரு செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இருபத்திரண்டு அம்மாவுக்கே இருக்கட்டும்ப்பா. அன்னைக்கு எனக்குப் பாட்டுப் படிக்கவும் வராது, ஊதவும் வராது" என்றாள். இவ்வளவு நாளும் என்னோடு சேர்ந்து அந்த விருந்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இதை எப்படி மனசுக்குள் வைத்திருந்தாள்? உன் மகள்தான். ஒரு நாளை முழுசாக ஒளித்துவைக்க உன்னிடம் படித்திருக்கிறாள்.

அன்றே ரொட்டிக்கடை அண்ணாச்சியிடம் போய்க் கேக் வேண்டாம் என்றேன். "நாள் தப்பிப்போச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று காலை உன் கல்லறையில் மழை தூறியது. உபதேசியார் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார். உன் பொறுமையைச் சொன்னார், உன் தையலைச் சொன்னார். பிறகு, "இன்றைக்குப் பன்னிரண்டு வயது நிறைகிற இந்தத் தாயில்லாப் பிள்ளையை" என்று தொடங்கினார். ஜெபத்தின் நடுவே யாரும் பேச மாட்டார்கள், உனக்குத் தெரியும். நான் பேசினேன்.

"இன்னைக்கு இல்ல ஐயா" என்றேன். "பன்னெண்டு முடிஞ்சு ஆறு வாரமும் ரெண்டு நாளும் ஆச்சு."

உபதேசியார் கண்ணைத் திறந்துவிட்டார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். ஞானப்பூ தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்த்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னிரண்டு வயதும் ஆறு வாரமும் இரண்டு நாளும் நிறைந்த" என்று திருத்தி ஜெபித்து முடித்தார்.

சாயங்காலம் அவள் இந்த டப்பாவைத் திறந்து மெழுகுவத்திகளை எண்ணினாள். "அடுத்த தடவைக்கு இன்னும் ஒண்ணு வேணும்ப்பா, கோயில்பிள்ளைட்ட சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொல்லி வைப்பேன். அடுத்த அக்டோபர் ஒன்பதுக்குக் களியை நான் கிண்டப்போகிறேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று நான் நகர்த்திவைத்த பாதிக் களியை அவள் என்ன செய்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் எதிரே வருகிறது. ஒரு பக்கம் குழி உடைந்து, எண்ணெய் தட்டின் ஓரத்துக்கு வழிந்துகொண்டிருக்கிறது. அவள் பக்கத்தில் நிற்கிறாள்.