கழுவாத டேங்க்

திங்கள், இரவு.

நெல்வயலில் களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல், போன வாரம் அப்படியே மச்சான் செல்வத்திடம் கொடுத்துவிட்டேன். அவன் அதிலேயே பூச்சிமருந்தைக் கலந்து கத்தரிக்கு அடித்திருக்கிறான். அரைக்காணிச் செடியும் சுருண்டுபோயிற்று. மருந்தில்தான் கோளாறு என்று புவனகிரி பூச்சிமருந்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டு அலைந்தான். நான் வாயே திறக்கவில்லை.

நான்கு நாளாகப் பிள்ளையாரிடம், எப்படியாவது அந்தச் செடி துளிர்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் தோப்புக்கரணம் போடும்போது வெட்கமாகிவிட்டது. தப்பு செய்தது மச்சானுக்கு, காதைப் பிடிப்பது இங்கேயா?

"சாமி, செடி கெடக்கட்டும். அவங்கிட்ட சொல்ற தைரியத்தக் குடு" என்று கும்பிட்டுவிட்டு நேராக அவன் கத்தரிக் கொல்லைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டவன் குனிந்து, சுருண்ட இலையொன்றைக் கிள்ளிப் பார்த்தான்.

"கடக்காரர வாய்க்கு வந்தபடி பேசிட்டனே மச்சான். காலைல ரெண்டு பேரும் போயி அவர்கிட்ட சொல்லிடணும்" என்றான். பிறகு, "அந்த டேங்க எடுத்துட்டு வா. நீ கழுவு, நான் நின்னு பாக்குறேன்."

மூன்று தரம் கழுவினேன். நாலாவது தரமும் கழுவச் சொல்லிவிட்டுச் சிரித்தான். நான்கு நாளும் நான் கும்பிட்டது அந்தச் சிரிப்புக்குத்தான் போலிருக்கிறது.