கொக்கின் இடம்

ஜூன் 19

நடனத் துறையிலிருந்து போன் வந்தது. காத்திருந்தவர்களில் என் முறை வந்துவிட்டதாம். ஓர் இடம் காலி. வேதியியலில் சேர்ந்துவிட்டேனே என்றேன். இரண்டையும் படிக்கலாமாம். எது முதன்மை, எது துணை என்று செப்டம்பரில் சொன்னால் போதும். சரி என்றுவிட்டேன். யாருடைய இடம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேறெப்படிப் பேசுவார்?

“ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோனா என்னைக் கூப்பிடுவாங்க. உனக்கு யாரைக் கூப்பிடறதாம்?”

அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 25

நடன அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. போன வருடம் உருவாக்கிய குழு நடனத்தையே இந்தப் பருவமும் மேடையேற்றுகிறார்கள். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பகுதியை முதலில் யார் உடம்பில் உருவாக்கினார்களோ, அதற்கு அவர் பட்டப்பெயர்தான். ஆள் மாறலாம். பெயர் மாறாது. எனக்குக் கிடைத்திருப்பது கொக்கின் இடம்.

“கொக்கு, நீ சன்னல் பக்கம்,” என்றார் நடனம் அமைக்கும் மேடம். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்றேன். எல்லோரும் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்கள்.

கொக்கு நல்ல உயரமாம். நடனத்தை விட்டு வேறு படிப்புக்குப் போய்விட்டாளாம். ஏன்? தெரியாது என்கிறார்கள். தெரியாததைச் சொல்லும்போது ஏன் குரல் தாழ்கிறது?

ஜூலை 4

பார்க்காமல் பின்னால் சாய வேண்டும். பின்னால் நிற்பவன் பிடிப்பான். அகலத் தோள், எல்லோருக்கும் அவன் தூண். சாய்ந்தேன். முதுகுக்கு வரவேண்டிய கை கழுத்தைப் பிடித்தது. மறுபடி. மறுபடியும் கழுத்துதான்.

“தப்பா எடுத்துக்காத. கண்ணு உன்னைத்தான் பாக்குது. கை அவ முதுகத் தேடுது,” என்றான்.

விரல் தடம் இருக்கிறது. பையின் வார் அழுத்தியது என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு இந்தப் பொய்?

ஜூலை 9

லேப். பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். எனக்குள் யாரோ எட்டு எட்டாகத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் குடுவை முழுக்க அடர்சிவப்பு.

“ஆடற கையா இது? இங்க கொஞ்சம் ஆடாம பிடிம்மா,” என்றார் லேப் உதவியாளர். வகுப்பு சிரித்தது. நானும்.

ஜூலை 16

கொக்கு ஆடிய வீடியோவைக் கொடுத்திருக்கிறார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை. அதுவே நல்லது. பார்க்கிறேன், எழுந்து செய்கிறேன், பார்க்கிறேன். பெரிய திருப்பத்துக்குச் சற்று முன் ஓர் அசைவு. இடது காலை வைக்கப் போய், வைக்காமல் ஒரு மூச்சு நிற்கிறாள். பிறகு சுழல்கிறாள். அந்த ஒரு மூச்சில்தான் மொத்த நடனமும் இருக்கிறது.

அது எனக்கு வரவில்லை.

ஜூலை 17

வரவில்லை.

ஜூலை 29

வந்துவிட்டது. மேடம் கைதட்டி எல்லோரையும் நிறுத்தினார். “இன்னைக்குத்தான் கொக்கு திரும்பி வந்திருக்கா.”

எவ்வளவு சந்தோஷம். வீடு வரைக்கும் சந்தோஷம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அப்படியானால் நான் எங்கே போனேன்?

ஆகஸ்ட் 8

வேதியியல் தேர்வு. ஒப்பேற்றிவிட்டேன்.

பல் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா சீக்கிரம் வந்திருந்தாள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களின் பெயரைப் பதிவுசெய்கிறவள். நான் வாசலிலிருந்து சமையலறைக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கற?”

தாங்கவில்லையே என்றேன். வலிக்கவும் இல்லை. உண்மையாகவே இல்லை. ஆனால் திரும்பி நடந்து காட்டியபோது எனக்கே கேட்டது, தரையில் ஒரு கால் மட்டும் தயங்கி விழும் சத்தம்.

ஆகஸ்ட் 21

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

லேப் குழுக்களை மாற்றினார்கள். என் மேசைக்கு ஓர் உயரமான பெண் வந்தாள். குறைவாகப் பேசினாள், அவள் விடும் சொட்டு ஒன்றும் தவறவில்லை. குடுவையைக் கழுவப் போனாள். குழாயடியில் திரும்பும்போது இடது காலை வைக்கப் போய், வைக்காமல், ஒரு மூச்சு நின்றாள்.

நான் தினமும் செய்வது. அச்சு அசல்.

“அக்கா, நீங்க கொக்கு தானே?”

“அக்கா எல்லாம் வேணாம். ஒரே வகுப்புதான?” துணியால் கை துடைத்தாள். “என் எடத்துல ஆடறது நீதானா?”

ஆமாம் என்றேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, அந்த நிறுத்தம் எவ்வளவு அழகு, அது வருவதற்கு நான் என்ன பாடுபட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“அது நடனம் இல்ல. கணுக்கால்ல அடி. ஊன முடியல. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அப்படி மறைச்சேன்.”

“மேடத்துக்குத் தெரியாதா?”

“அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. இன்னும் கொஞ்சம் நேரம் நில்லுன்னாங்க. நின்னேன்.”

பிறகு என் காலைப் பார்த்தாள்.

“அதையுமா கத்துக்கிட்ட?”

ஆகஸ்ட் 22

எங்கேயும் போகவில்லை. நடனத்துக்கும் இல்லை, வேதியியலுக்கும் இல்லை.

ஆகஸ்ட் 27

ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின் மேடத்திடம் சொன்னேன். அழகாகச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும் எல்லாம் உளறல்தான். அது நொண்டல் மேடம், நான் நொண்டலத்தான் ஆடிட்டிருக்கேன், எனக்கு இப்ப நடையே மறந்துபோச்சு.

மேடம் வீடியோவைப் போட்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். திரும்பப் போட்டார். எத்தனை முறை பார்த்திருப்பார் அதை.

“அவ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மேடம் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்த இடம் இல்லாமலே நடனம் போகும். எனக்குத் தருவதற்கு இப்போது வேறு எதுவும் இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ?

செப்டம்பர் 12

மேடையேற்றம். பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கொக்கை வரச் சொல்லியிருந்தேன். வேலை இருக்கிறது என்றாள்.

ஒத்திகையில் சன்னல் பக்கமாக இருந்த அந்த இடத்தில், மேடையில் யாரும் இல்லை. ஆனால் யாரும் அந்த இடத்தை மிதிக்கவும் இல்லை. ஓடி வருகிறவர்கள் அங்கே வளைந்து போகிறார்கள். தூண் கையை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டான். பக்கத்து இருக்கைக்காரர் பிரமாதம் என்றார்.

செப்டம்பர் 15

எழுதிக் கொடுக்கும் நாள். வேதியியல் முதன்மை என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மதிப்பெண் வந்துவிடும், வேலையும். நான் யார் என்று தெரியாமலே தேறிவிடலாம். எவ்வளவு நிம்மதி. அதுதான் பயமாக இருந்தது.

நடனம் முதன்மை. வேதியியல் துணை.

“ஆடறதுக்கு ஒண்ணும் இல்லாத எடத்தப் போயா முதன்மைன்னு எழுதின?” என்றாள் அம்மா. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “வலியில போய் நிக்காத. அவ்வளவுதான் சொல்வேன்,” என்றாள்.

செப்டம்பர் 23

வேதியியல் காலை வகுப்புக்கு மாறிவிட்டேன். பேருந்தில் பாதித் தூக்கம். கொக்கும் அதே வகுப்புதான், எனக்கும் சேர்த்துக் குறிப்பெடுக்கிறாள். நடனத்தைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. படியேறும்போது மட்டும் அவளுக்கு முன்னால் போகிறேன். பின்னால் போனால் என் கால் அவள் நடையைப் பிடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 6

மேடம் புதிதாக ஒன்று உருவாக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் ஆள் நான். பாட்டுப் போட்டுவிட்டு, சும்மா நட என்றார். நடந்தேன். பாதி நடை என்னுடையது இல்லை. இன்னொரு தடவை என்றார். நடந்தேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன். கால் நின்றது. அவரும் பார்த்தார், நானும் கண்ணாடியில் பார்த்தேன்.

“வலிக்குதா?”

பழக்கத்தால், ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு இடது காலை முழுதாக ஊன்றிப் பார்த்தேன்.

“கொஞ்சம்,” என்றேன்.

மேடம் பாட்டை நிறுத்தினார்.