கைதட்டு வாங்கிய பல்பொடி

அக்கா,

இன்று காலை உன் மகள் வந்திருந்தாள். ஜீவனஹள்ளி வீட்டைக் காலி செய்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகிறாளாம். வேலை செய்யும் ஆபீஸ் அங்கேதான். "அம்மாவுது கொஞ்சம் சாமான் இருக்கு டீச்சர், உங்களுக்கு எதுனா வேணுமா பாருங்க" என்று ஒரு துணிப்பையை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வண்ண நூல்கண்டுகள், வெள்ளைச் சாயம் உரிந்த முட்டை அட்டை, அப்புறம் அந்தத் தகர டப்பா. மூடியைத் திறந்தேன். முதலில் கிராம்பு வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, அது இன்னும் போகவில்லை. டப்பாவைச் சமையல் மேடையில் ஓங்கி வைத்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். சரி, நல்லதையே முதலில் எழுதுகிறேன்.

நம் பள்ளியில் நான் டீச்சர், நீ ஆயா. ஒன்றாம் வகுப்பு என்னுடையது, குழாயடி உன்னுடையது. அப்பாவும் அம்மாவும் விடியும்போதே வேலைக்குக் கிளம்பிவிட, பல் துலக்காமலே பாதிப் பிள்ளைகள் வந்து நிற்கும். அவர்களுக்கு நீ பள்ளியிலேயே பிரஷ் வைத்திருந்தாய். பெயர் எழுதினால் படிக்கத் தெரியாத வயது. அதனால் ஒவ்வொரு பிரஷிலும் ஒரு நிற நூல் கட்டினாய். "பச்சை நூலு எங்கடா? வாடா என் ராசா, வாயைத் தொற. அய்யய்யோ, நேத்து தின்ன பிஸ்கட்டு இன்னும் உள்ளயே குடியிருக்குது!" பிள்ளைகள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. உனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருடமும் அப்படியே நினைத்தேன்.

உனக்கு அடுத்து என் பாடம். முட்டை அட்டையைக் கவிழ்த்தால் வரிசையாகப் பற்கள் கிடைத்துவிடும். நடுவில் வெல்லப்பாகைத் தடவி, பாத்திரம் தேய்க்கும் பிரஷால் தேய்க்கச் சொல்வேன். மேலே பளிச்சென்று ஆகும், இடுக்கில் பாகு அப்படியே இருக்கும். "தோசைமாவுக் கரண்டியைக் கழுவாமல் வைத்தால் காலையில் என்ன ஆகும்?" என்று கேட்பேன். "காஞ்சுபூடும் டீச்சர்!" "வாயும் அப்படித்தான்."

ஒருநாள் ஒரு தாய் வந்து சண்டை பிடித்தாள். "பால்பல்லு தானே, எப்படியும் விழப்போவுது. அதுக்கு எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" நீதான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "காலி பண்ணிட்டுப் போறவன் செவுத்தையும் இடிச்சிட்டுப் போனா, அடுத்து வர்றவன் எங்கம்மா குடியிருப்பான்? பால்பல்லுதான் பெரிய பல்லுக்கு எடம் புடிச்சு வெக்குது." வாடகை வீட்டிலேயே வாழ்ந்த அவளுக்கு அது சட்டென்று புரிந்தது. அன்று முதல் அந்த உதாரணத்தை என் உதாரணமாகவே வகுப்பில் சொல்லிவந்தேன். நீ ஆட்சேபிக்கவில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீ இந்த டப்பாவைத் திறந்து, விரலால் பொடி எடுத்து ஈறில் தேய்ப்பாய். "என்ன அது?" என்றேன் ஒருமுறை. "பல்பொடி டீச்சர்" என்றாய். கிராம்பு மணத்தது, நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதே! உன்னை வகுப்புக்குள் அழைத்து நிறுத்தினேன். "ஆயாவைப் பாருங்கள். காலையில் மட்டுமல்ல, மத்தியானம் சாப்பிட்ட பிறகும் பல் தேய்க்கிறார். எல்லாரும் கைதட்டுங்கள்!" நாற்பது பிள்ளைகள் தட்டினார்கள். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாய்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் மஞ்சள் நூல்காரி உன்னிடம் வந்தாள். "ஆயா, எனக்கும் உன் பொடி கொஞ்சம்" என்று டப்பாவுக்குள் விரலை விட்டாள். நீ அவள் கையில் பளாரென்று அடித்தாய். கையைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாய். அவள் அலறினாள். நான் ஓடிவந்து எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். "பல் தேய்க்கிற ஆசையில கேட்ட குழந்தையை அடிப்பியா? வெட்கமா இல்ல உனக்கு?"

"தப்புதான் டீச்சர்" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் வழக்கம்போல உன் கன்னடம் கலந்த பேச்சில் "ஊட்ட ஆச்சா டீச்சர்?" என்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாய். வரவில்லை என்று தலையாட்டினேன். உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு, சாம்பார் எரிகிறது என்றாய். "வயசாச்சு டீச்சர், நாக்கு சும்மாவே எரியுது." சோற்றில் மோர் மட்டும் ஊற்றிக்கொண்டாய். நானும் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்துவிட்டேன். உன் மகள் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போன பிறகுதான், வாயில் புற்று என்று எனக்குத் தகவல் வந்தது. ஓடிவந்தேன். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் கிடையாது டாக்டர், இவங்க பல்பொடி மட்டும்தான் போடுவாங்க" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! உன் மகள் தரையைப் பார்த்தாள். "அதுதான் டீச்சர் அது" என்றாள் மெல்ல. "வறுத்த பொகயிலயில கிராம்பு கலந்தது. சின்ன வயசுல பல்லு வலிக்குன்னு ஆரம்பிச்சாங்க."

ஆபரேஷன் முடிந்து நீ கண் விழித்த அன்று உன்னிடம் கத்தினேன், கட்டுப்போட்ட முகத்தைக்கூடப் பார்க்காமல். ஏன் சொல்லவில்லை? நாற்பது வாய்க்குள் தினமும் எட்டிப் பார்ப்பவளே, வலித்தால் உடனே சொல் என்று குழந்தைகளிடம் சொல்பவளே, உனக்கு வலித்தபோது ஏன் சொல்லவில்லை? நீ ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிச் சொன்னாய்: "கோவிச்சுப்பீங்கன்னுதான். எல்லார் முன்னாடியும் கைதட்ட வெச்சுட்டீங்களே டீச்சர். அப்புறம் எப்படிச் சொல்றது?"

அதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு வருடமாகத் தேடுகிறேன். உன்மேல் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. அந்தப் பொடியைப் பிள்ளைகள் வாங்கும் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கிறார்களே, அந்தக் கடைகள்மேல் கோபம். எல்லாவற்றையும்விட என்மேல். நாற்பது பிள்ளைகளின் வாயைப் பார்த்த நான், பக்கத்தில் நின்ற உன் வாயை ஒருநாளும் பார்க்கவில்லை. நீ என்னை "நீங்க" என்றாய், நான் உன்னை "நீ" என்றேன். அக்கா என்று கூப்பிட்டும், உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயாவுக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த அடி எதற்கென்று அப்போது தெரியாமல் போயிற்றே. அன்று அந்த வகுப்பில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியவள் நீ, திட்டு வாங்கியவளும் நீ. அவளுக்கு அந்தப் பொடியைக் காட்டி ஆசைப்பட வைத்தவள் நான்.

செவ்வாயும் வெள்ளியும் நம் தெரு அங்கன்வாடிக்குப் போகிறேன். இப்போது முதலில் என் வாயைத்தான் திறந்து காட்டுகிறேன். சொத்தைப் பல், கட்டிய பல், விழுந்த இடம் எல்லாவற்றையும் பிள்ளைகள் எட்டிப் பார்த்து எண்ணுகிறார்கள். நாளை இந்தப் பையைக் கொண்டுபோகிறேன். நூல் கட்டுவேன். முட்டை அட்டைக்குப் புதுச் சாயம் அடிக்க வேண்டும். டப்பாவைக் காட்டி, இது பல்பொடி இல்லை, இதைப் பல்பொடி என்று ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள், தடுத்த ஆயாவையும் திட்டினாள் என்று சொல்வேன். அந்த டீச்சர் யார் என்றும் சொல்வேன்.

அங்கே ஒரு புது ஆயா இருக்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது. போன வாரம் சிரிக்கும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "எங்கே, ஆ காட்டு பார்க்கலாம்" என்றேன். "நான் என்ன கொழந்தையா டீச்சர்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்கும் கேட்பேன். கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.