இடப்பக்கம் திரும்பாத சைக்கிள்

3 அக்டோபர் 2005, திங்கள்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வயது நாற்பத்தேழு. மீசை நரைத்துவிட்டது. மகள் சந்தியா நர்சிங் படிக்கிறாள். ஆனாலும் தெரியாது. ஓமானில் இந்தச் சோஹாருக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்கும் அரியரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். என் முழங்கால் கெட்டுப்போனதில் இருந்து டாக்டர் ஏணி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏணி ஏறாத ஆளைக் கம்பெனி வைத்து என்ன செய்யும்? டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பும். நல்ல வேளை, ஆபீசில் டீ போடும் நேபாளி போன வாரம் ஊருக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு ஐயா என்னைச் சொல்லியிருக்கிறார்.

"கேம்ப் பஸ் போர்ட் பக்கம்தான் போகும். ஆபீஸ் டவுனுக்குள்ள. நேபாளி விட்டுட்டுப் போன சைக்கிள் கிடக்கு. உமக்கு ஓடத் தெரியுமே?"

"தெரியுமாவா! எங்க ஊருக்குள்ள வந்து கேட்டுப் பாருங்க ஐயா" என்றேன்.

கேட்டால் தெரிந்துவிடும். புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளி வகுப்பு வந்தபோது என் பெண்டாட்டி கருப்பாயி எழுத்தும் கற்றுக்கொண்டாள், சைக்கிளும் கற்றுக்கொண்டாள். நான் பொம்பளைகளோடு சேர்ந்து விழ வெட்கப்பட்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் ஓட்டுவாள், நான் கேரியரில் உட்கார்ந்து வழி சொல்வேன்.

"பெருநாள் வரைக்கும் பாப்பம். நேரத்துக்கு வந்தீரெண்டா இஞ்சயே நில்லும். பிந்தினீரெண்டா முதலாளி உம்மை அனுப்பிப் போடுவார். பிறகு என்னைப் பேசக் கூடாது."

சனிக்கிழமை முதல் டூட்டி. இன்றைக்குத் திங்கள்.

4 அக்டோபர், செவ்வாய்

ரூமில் கார்மேகத்திடம் மட்டும் சொன்னேன். ராமநாதபுரத்துப் பிள்ளை, வெல்டர். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்து விழுந்தான். "தம்பி, நீ கட்டில்லயே விழுகுற, நீயாடா எனக்குச் சொல்லிக் குடுக்கப் போற?" என்று கேட்டேன். வேறு ஆள் இல்லை.

நாங்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்னால் லாரி நிறுத்தும் பொட்டல். நடுவில் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி ஓட்டுவதென்று முடிவு. கார்மேகம் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் இடப்பக்கமாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, அண்ணே! இடமாச் சுத்தாதீக. அது சுடுகாட்டுச் சுத்து. நோன்பு பொறக்கப் போற நேரத்துல ஏன் வம்பு? வலமா வாங்க."

நோன்புக்கும் சுடுகாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. சீட்டு அவன் கையில் இருந்தது.

5 அக்டோபர், புதன்

இன்று நோன்பு பிறந்தது. நான் விழுந்து, எழுந்து, விழுந்தேன்.

7 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டது! கார்மேகம் கையை விட்டதே தெரியாமல் தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கோயிலில் கூட நான் இவ்வளவு சுற்றியதில்லை. பங்களாதேஷ் பையன்கள் நின்று கை தட்டினார்கள்.

சாயங்காலம் ஆபீஸ் வரை ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு வலப்பக்கம் மட்டும்தான் திரும்ப வருகிறது. இடப்பக்கம் திருப்பினால் கை திரும்புகிறது, உடம்பு திரும்பமாட்டேன் என்கிறது. இரண்டும் சண்டை போட்டு, நான் கீழே கிடக்கிறேன்.

"சரிண்ணே, வலமாவே போயிருவோம்" என்றான் கார்மேகம். வெல்டர் மூளை. இடப்பக்கம் போக வேண்டிய முனையைத் தாண்டி நேராகப் போய், வலம், வலம், இன்னொரு வலம் திரும்பினால் அதே முனைக்கு வேண்டிய திசையைப் பார்த்தபடி வந்து நிற்கலாம். அங்கே இறங்கி ரோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நடைபாதைக் கல்லில் கால் வைத்தால்தான் மறுபடி ஏற வருகிறது, அது வேறு பாடு. தூரம் ஒன்றரைப் பங்கு. ஆனாலும் போய்ச் சேரலாம்.

8 அக்டோபர், சனி

போய்ச் சேர்ந்தேன். வெளிச்சம் வரும் முன்பே கிளம்பினேன், ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

"பரவாயில்லை, நேரத்துக்கு முன்னமே வந்திட்டீர்" என்றார் அரியரத்தினம் ஐயா.

"சைக்கிள்னா நமக்கு உசுரு ஐயா."

ஒரு சங்கடம். நோன்பு மாதத்தில் ஆபீசில் யாரும் டீ குடிப்பதில்லை. டீ போட்டு நல்ல பேர் வாங்கலாம் என்றால் அடுப்பே பற்றவைக்கவில்லை. நல்ல பேருக்கு இருப்பது நேரத்துக்கு வருவது ஒன்றுதான்.

12 அக்டோபர், புதன்

நான் இடப்பக்கம் திரும்ப வேண்டிய முனையில் ஒரு ஓமானிப் பெரியவர் வீடு. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் தாண்டும்போது மரியாதையாக "ஸலாம் அலைக்கும்" என்றேன். அவரும் சொன்னார். வலம், வலம், வலம் திரும்பி வந்தால் மறுபடி அவர் வாசல். பேசாமல் போனால் நன்றாக இருக்காதே என்று மறுபடி ஸலாம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

இப்போது பழகிவிட்டது. முதல் ஸலாமுக்குத் தலையை ஆட்டுவார். இரண்டாவதற்கு ஒரு விரலைத் தூக்கி "தானி மர்ரா!" என்று சிரிக்கிறார். 'இரண்டாம் தடவை' என்று அர்த்தமாம், மளிகைக் கடை செய்கு அலாவுதீன் பாய் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நான் தினமும் காலையில் அவர் வீட்டை வலம் வருகிறேன். அவருக்குப் புண்ணியமோ எனக்கோ, தெரியவில்லை.

17 அக்டோபர், திங்கள்

காற்று மாறிவிட்டது. போன மாதம் வரை எந்த இரும்பைத் தொட்டாலும் தோசைக்கல். இன்று காலை ஹேண்டில்பார் குளிர்ந்திருந்தது. கடல் பக்கமிருந்து மெல்லிய பனி. பேரீச்ச மரமெல்லாம் குலை இறக்கி, பாரம் குறைந்து நிற்கின்றன. ஊரில் ஐப்பசி என்றால் மழை. இங்கே ஐப்பசி என்றால் சட்டை நனையாமல் ஆபீஸ் போவது.

வழியில் தண்ணீர் குடிக்கக் கூடாது, நோன்பு. அலாவுதீன் பாய் என்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். சாயங்காலம் திரும்பும்போது கஞ்சி. "நோன்பு வைக்காம கஞ்சி மட்டும் குடிக்கிற ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்றார். "பாதிப் பாதியாப் பழகுறேன் பாய், மொதல்ல கஞ்சி" என்றேன்.

அரியரத்தினம் ஐயா ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்க்கில் டீ குடிக்கிறார். வெளியே நின்று, "ஐயா, ஸ்டோர்ல எலி இருக்கு போல, உறிஞ்சுற சத்தம் கேக்குது" என்றேன். சத்தம் நின்றுவிட்டது.

22 அக்டோபர், சனி

இன்று எலி கடித்துவிட்டது.

ஒரு கவரை பேங்க்கில் கொடுத்து வரச் சொன்னார். பேங்க் கண்ணுக்கு எதிரே, ரவுண்டபோட்டுக்கு அந்தப் பக்கம். இந்த ஊரில் ரவுண்டபோட்டை இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். எனக்கு வராததை நடு ரோட்டில் பூச்செடி வைத்து வளர்க்கிறார்கள். கார்கள் போகும் வேகத்தில் தள்ளிக்கொண்டு தாண்டவும் முடியாது. நான் வலம் வலமாகச் சுற்றிப் போனேன். பேங்க் அடைத்துவிட்டது.

"ஒரு கடிதம் குடுத்து வர எவ்வளவு நேரம்? அலாவுதீன்ரை கடையிலே இருந்து கதைச்சுப்போட்டு வாறீர் என்ன? முதலாளி கேக்கிறார், இந்த மனுசன் எங்க ஊர் சுத்துதெண்டு."

சுத்துறேன்தான் ஐயா, ஊரைத்தான் சுத்துறேன். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. இதை எப்படிச் சொல்றது? மனசுக்குள்ளேயே சொல்லிக்கிட்டேன்.

24 அக்டோபர், திங்கள்

பிடிபட்டேன்.

காலையில் நான் கேம்ப்பை விட்டுக் கிளம்பினதிலிருந்து அரியரத்தினம் ஐயா காரில் பின்னாலேயே வந்திருக்கிறார். பெரியவர் வாசலில் "தானி மர்ரா" கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன விசர் வேலை ஐசே இது? ஒரு வீட்டைச் சுத்தி வந்து அதே சந்தியிலே நிக்கிறீர். எனக்கே தலை சுத்துது. நேரா வந்து இடப்பக்கம் திரும்ப ஏலாதே?"

"ஏலாது ஐயா."

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, கார்மேகம், சுடுகாடு, கருப்பாயி கேரியர் வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"உமக்காக முதலாளியிட்டக் கதைச்சது நான். எனக்குப் பொய் சொன்னனீர்." இஞ்சினை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை விடிய ரோட்டில் வண்டி இராது. ரவுண்டபோட்டுக்கு வாரும். ஓடிக் காட்டினீரெண்டா நான் ஒண்டும் சொல்லமாட்டன். இல்லாட்டி வேறை ஆள்."

பயமாத்தான் இருக்கு. சந்தியாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு. ஊர்ல போயி இந்தக் காலை வச்சுக்கிட்டு என்ன செய்ய? போறது கூடப் பரவாயில்ல— ஒரு முனையில இடப்பக்கம் திரும்பத் தெரியாம ஊருக்கு வந்தேன்னு கருப்பாயிக்கிட்ட எப்படிச் சொல்ல?

26 அக்டோபர், புதன்

கார்மேகம் இடப்பக்கம் சுற்றச் சொல்லித்தர மாட்டேன் என்கிறான். "ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?" கண் கலங்கிப் போய்ச் சொல்கிறான். இவனை என்ன செய்வது?

கஞ்சி குடிக்க அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சுவாக்கில் அலாவுதீன் பாயிடம் வழக்கைச் சொன்னேன். பாய் போன வருஷம் ஹஜ் போய் வந்தவர்.

"ஏம்ப்பா கார்மேகம், மக்காவுல நாங்க கஃபாவ எப்படிச் சுத்துறோம் தெரியுமா? இடமாத்தான். லச்சக்கணக்கான சனம், ராவும் பகலுமா."

கார்மேகம் கஞ்சியை வைத்துவிட்டான். "நெசமாவா பாய்?"

"சுத்திட்டு வந்துதான் இங்க ஒனக்குக் கஞ்சி ஊத்துறேன். எனக்கு என்ன கொறச்சல்?"

கார்மேகம் அவரை மேலும் கீழும் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. கஞ்சியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப சாமிக்கு ரெண்டு பக்கமும் தோதுதான் போல" என்றான்.

திரும்பி வந்ததும் தொட்டியை இடமாகச் சுற்றினோம். முழங்கால் சிராய்ப்பு. நல்ல முழங்கால்தான்.

28 அக்டோபர், வெள்ளி

ரவுண்டபோட்டில் ஒரு பூனையும் நாங்களும்தான். அரியரத்தினம் ஐயா, "முதல்ல நான் ஓடிக் காட்டுறன்" என்று சைக்கிளை வாங்கினார். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார். அந்தத் தொப்பை ஏறியதும் சைக்கிள் முனகியது. அப்புறம் பார்த்தால்— ஆள் மாறிவிட்டார். ஒரு சுற்று. கையை விட்டுவிட்டு ஒரு சுற்று. "சுன்னாகத்தில இருந்து டபிள்ஸ் வச்சு ஓடினனான் ஐசே!" என்று யாருக்கோ கத்தினார். இறங்க மனசே இல்லை. "ஐயா, பரீட்சை எனக்கு" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நான் ஏறினேன். கஃபாவை நினைத்துக்கொண்டேன், பூனை ஒதுங்கியது, திரும்பிவிட்டேன். இடப்பக்கம்! ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஆனால் இப்போது கை இடப்பக்கமே நின்றுவிட்டது.

"போதும் ஐசே, வெளியிலே வாரும்!"

"வரத் தெரிஞ்சா வரமாட்டனா ஐயா!"

அப்போதுதான் அவர் சிரித்தார். நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தார். நான் எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

1 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. டூட்டி உண்டு. போனில் கருப்பாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க, அப்ப வந்தா என்னைய வச்சு ஓட்டுவீகளா?"

"வலமா, இடமா?"

"நான் பின்னாடி உக்காந்து சொல்லுறேன்" என்றாள். பழிக்குப் பழி.

4 நவம்பர், வெள்ளி

பெருநாள். பாய் வீட்டில் பிரியாணி. கார்மேகம் புதுச் சட்டை.

8 நவம்பர், செவ்வாய்

லீவு முடிந்து ஆபீஸ் திறந்தது. இனி பகலிலும் டீ உண்டு. அரியரத்தினம் ஐயா ஸ்டோர் ரூம் சாவியை மேசை மேல் வைத்து, "துலைச்சுப் போடாதேயும்" என்றார். பெருநாள் தாண்டிவிட்டது, சாவி என் கையில்.

காலையில் முனையில் ஒரே திருப்பாக இடப்பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால், பெரியவர் நாற்காலியில் இருந்து எழுந்து, பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து நிற்கிறார். நான் அந்த வழியாகத்தான் இரண்டாம் தடவை வருவேன். விரல் பாதி தூக்கினபடி.

நேரமாகிவிட்டது, நான் நிற்கவில்லை. நாள் முழுக்க அந்த விரல்தான்.

9 நவம்பர், புதன்

இன்று பழையபடி வலம் போனேன். "தானி மர்ரா!" என்று கத்தினார். என்னை நிறுத்தி, உள்ளே போய், பெருநாள் அல்வா ஒரு டப்பா கொண்டு வந்து கொடுத்தார். ஓமான் அல்வா, சூடு ஆறாதது. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று, புதிதாகக் கற்றதைக் காட்ட முனையில் ஒரு சுற்றுப் போய் இடப்பக்கம் திரும்பினேன். நான் திரும்பினேன். அல்வா நேராகப் போனது. மூடி திறந்துகொண்டது. முன்சக்கரம் அதன் மேல் ஏறி நின்றது. அந்த அல்வா எதையும் எளிதில் விடாது. மிச்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன். அரியரத்தினம் ஐயா, "ஏன் பிந்தினீர்?" என்று கேட்டார். "சக்கரத்தில் அல்வா" என்றேன். சக்கரத்தைப் பார்த்தார். வருகைப் பதிவில் என் பெயருக்கு நேரே, காரணம் என்ற இடத்தில், அல்வா என்று எழுதினார். டீ போட்டேன்.