போர்டு போகலை, பானு

அருப்புக்கோட்டை,
ஆவணி, ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். டப்ளின்ல நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஹரியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு சௌடேஸ்வரி அம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கோபத்துலதான் எழுதுறேன், ஆனா சுகம் விசாரிக்காம கோவிச்சுக்க எனக்குத் தெரியாது. போன்லயே சொல்லியிருக்கலாம்தான். நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ மூணு சொல்லுவ, நடுவுல ஹரி அழுவான், நானும் சொல்ல வந்ததை விட்டுட்டு பிள்ளைக்கு ஊட்டுனியான்னு கேட்டுட்டு வச்சிருவேன். தாள்ல எழுதுனா குறுக்க பேச முடியாதுல்ல. வீட்டுல தெலுங்குல வைது வளர்த்தவ இப்பத் தமிழ்ல எழுதுறாளேன்னு சிரிக்காத. தெலுங்கு எனக்கு வாயிலதான் இருக்கு, கையில இல்ல.

நீ செஞ்ச காரியம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரிஞ்சதுன்னு முதல்ல இருந்தே சொல்றேன், பொறுமையா படி. ஆடிக் காத்து இந்த வருசம் பேய்க்காத்து. பக்கத்து வீட்டு பவர்லூம்ல இருந்து வர்ற பஞ்சும் கரிசல் புழுதியும் சேர்ந்து வீட்டுக்குள்ள மெத்தை போட்டுருச்சு. அதுல கரண்டு வேற போறதும் வாறதுமா இருந்துச்சு. ஒருநாள் காலையில காப்பி குடிச்சுட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்தேன், பட்டனை அமுக்குனா உள்ள காத்தாடி சுத்துது, திரையில ஒண்ணும் வரலை. கீகீன்னு கத்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. முத்துமணிக்கு தீபாவளிச் சேலைக்கு பார்டர் பாதி போட்டு வச்சிருந்தேன். முத்துமணியை உனக்குத் தெரியும்ல, பாளையம்பட்டியில ஆறு தறி ஓட்டுறாளே, அவதான். நான் போடுற பார்டரை வச்சுத்தான் அவ அட்டையில ஓட்டை அடிச்சு தறியில ஏத்தணும், அந்த ஓட்டைப்படிதான் பூ விழும். பெட்டி படுத்துக்கிட்டா அவ தறியும் படுத்துக்கிடும். அந்தக் கவலையிலதான் உனக்குப் போன் போட்டேன். நீயும் சாப்பாட்டு நேரத்துல, ஒரு கையில சாண்ட்விச்சை வச்சுக்கிட்டு, பின்னாடி காட்டு, லைட்டு எரியுதா பாரு, எல்லா வயரையும் புடுங்கிச் சொருகுன்னு சொன்ன. மேஜைக்கு அடியில படுத்து நானும் புடுங்கினேன், சொருகினேன். பட்டனை விடாம அமுக்கிப் பிடின்னு சொன்ன, விரல் வலிக்க அமுக்கினேன். பெரிய அழிரப்பரை வச்சு உள்ள இருக்கிற பச்சைப் பலகையோட பல்லைத் தேய்க்கச் சொன்ன, தேய்ச்சேன். அப்பா டார்ச்சு பிடிச்சாக. உள்ள பஞ்சு தலையணை மாதிரி அடைஞ்சு கிடந்துச்சு, அள்ளி எடுத்து முறத்துல போட்டோம். தேய்ச்சதுக்கு ஒருவாட்டி எந்திரிச்சு வந்து, தேதி ரெண்டாயிரத்து ரெண்டுன்னு காட்டிட்டு, நீலத் திரையா மாறி மறுபடி செத்துச்சு. ஒரு வாரம் இதேதான். எந்திரிக்கும், நான் பார்டரைத் திறக்கப் போவேன், படுத்துக்கிடும். எம் பொறுமையைப் பத்தி உனக்குத் தெரியும். ஒருநாள் செருப்பாலயே ஒண்ணு வச்சேன். அதுக்கும் எந்திரிக்கலை.

அப்பத்தான் ஜெகதீஸ்கிட்ட கொடும்மான்னு நீயே சொன்ன. சொந்தத் தம்பி மாதிரி வளர்ந்தவன், என் சித்தி மகன், கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான், அவனை விட்டா யாருன்னு நானும் கொடுத்தேன். மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னான். போர்டே போயிருச்சுக்கா, இதுக்கு இனிமே சாமான் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போடுறதுதான்னு சொன்னான். சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கலை, கொய்யா மரத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னான். அன்னைக்குச் சாயங்காலமே நீ கூப்பிட்டு, போனா போகட்டும் விடும்மா, எத்தனை வருசமா கண்ணைக் கெடுத்துக்கிட்ட, இங்க வந்து எங்களோட இரு, பிள்ளையும் உன்னைத் தேடுறான்னு சொன்ன. நான் இன்னும் உங்கிட்டச் சொல்லவே இல்ல, உனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அப்ப எனக்குத் தோணலை. சோர்ந்துபோய் இருந்தேன். புது லேப்டாப்பு வாங்கித் தர்றேன்னும் சொன்ன. அதுல பின்னாடி நம்ம சாவிக்கட்டையைச் சொருக ஓட்டை கிடையாது, அந்தக் கட்டை இல்லாம பார்டர் போடுற புரோகிராம் திறக்காது, அதை வித்த கம்பெனியும் இப்ப இல்லைன்னு நான் எத்தனை தடவை சொன்னாலும் உன் காதுல ஏறலை.

முத்துமணி வீட்டுக்கு வந்துட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுவேன்க்கா, என்னைத் தப்பா நினைக்காதீகன்னு சொன்னா. அவ மேல தப்பில்ல, தறி நின்னா அவளும் என்ன செய்வா. அவ போனதும் அப்பாவைப் பார்த்தேன். மில்லுல இருந்து ரிட்டயர் ஆனதுல இருந்து எதுக்கும் விட்டுரு, விட்டுருன்னு சொல்ற மனுசன், அன்னைக்கு போர்வையை எடுத்து பெட்டியைச் சுத்துனாக. ரெண்டு பேருமா மதுரை பஸ்ஸு ஏறிட்டோம். கண்டக்டர் இது டிவியா, லக்கேஜ் போடணும்னான். பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வாரேன், பிள்ளைக்கு டிக்கெட்டு கேப்பியான்னு கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டான். மதுரையில ரெண்டு கடையில தொடவே மாட்டேன்னுட்டாக. மூணாவது கடைக்காரர் வேண்டாவெறுப்பா வாங்கிப் பிரிச்சார். கரண்டு கொடுக்கிற டப்பாதான் போயிருக்கு, வேற மாத்திரலாம், போர்டு நல்லாத்தான் இருக்குன்னார். எங்க ஊருல போர்டு போச்சுன்னு சொன்னாகளேன்னு கேட்டேன். அவர் அந்தக் கரண்டு டப்பாவைப் பிடிச்சிருந்த ஒரு ஸ்க்ரூவைக் காட்டி, இது துருவேறி இறுகிக் கிடந்துச்சு, இப்ப நான்தான் எண்ணெய் விட்டுத் திறந்தேன், இந்த டப்பாவைக் கழட்டிப் பார்க்காம போர்டு போச்சுன்னு யாரும் சொல்லியிருக்க முடியாதும்மான்னார். எவ்வளவு நாள் ஓடும்னு கேட்டதுக்கு, டிஸ்க்கு கரகரன்னு கத்துது, ஒரு வருசம் ஓடினாலும் ஓடும், நாளைக்கே நின்னாலும் நிக்கும், நான் ஏதும் சொல்ல மாட்டேன்னுட்டார். எனக்கு அது போதும்னேன், டப்பாவை மாத்திக் கொடுத்தார். நாளைக்கு என்ன ஆகும்னு என்னைப் பத்தியே எனக்குத் தெரியாது.

திரும்புறப்ப வீட்டுக்கு வரலை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஜெகதீஸ் கடைக்குப் போயி, பெட்டியை அவன் மேஜை மேல வச்சேன். கடையில ரெண்டு மூணு பேரு இருந்தாக, அவுக போற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் கேட்டேன், ஏன்டா கழட்டியே பார்க்காம போர்டு போச்சுன்னன்னு. அவன் குனிஞ்சுக்கிட்டான். கண்ணு கலங்கிப்போச்சு அவனுக்கு.

"அக்கா, பானுதான் அப்படிச் சொல்லச் சொன்னுச்சு. அம்மா கையில வேலை இருக்கிற வரைக்கும் இங்க வர மாட்டாக மாமான்னு போன்ல அழுதுச்சுக்கா. நான் என்ன செய்வேன்?"

பானு, அந்த நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியலை. ஜெகதீஸ் மேல வந்த கோபம் அவன் அழுததுமே போயிருச்சு. உன் மேல வந்தது போகலை. அப்பா என் தோளைத் தொட்டு, வா போவோம்னாக. நான் போகலை. சரிடா, பொய் சொன்னதுக்கு இப்ப உக்காந்து சரி பண்ணுன்னேன். ஏன்னா மதுரையில பட்டனை அமுக்குனதும் திரை வந்துச்சே தவிர, பார்டர் புரோகிராம் திறக்கலை. சாவி இல்லை, சாவி இல்லைன்னே சொல்லுச்சு. சாவிக்கட்டை பின்னாடி சொருகித்தான் இருக்கு, நான் பார்க்கிறேன், அது பார்க்க மாட்டேங்குது. ஜெகதீஸ் கழட்டி மாட்டினான், ஸ்பிரிட்டு வச்சுத் துடைச்சான், புரோகிராமை அழிச்சுட்டு மறுபடி ஏத்துவோமான்னான், அந்த சிடியே கீறல் விழுந்து கிடக்குடா, கை வச்சா கொன்னுருவேன்னேன். வியாழக்கிழமை கடையைப் பூட்டிட்டு நம்ம வீட்டுக்கே வந்துட்டான், மத்தியானச் சாப்பாடும் இங்கதான். கடைசியில அவன்தான் கண்டுபிடிச்சான். உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு, அது தீர்ந்துபோனதாலதான் தேதி பின்னால போயிருக்கு. தேதி மட்டுமில்ல, எந்த ஓட்டை வேலை செய்யணும், எது செய்யக்கூடாதுங்கிறதையும் பெட்டி மறந்துபோச்சாம், சாவிக்கட்டை ஓட்டையை அதுவாவே அடைச்சு வச்சிருந்துச்சாம். பேட்டரியை மாத்தி, அந்த ஓட்டையைத் திறந்துவிட்டு, பட்டனை அமுக்கினான். பார்டர் திறந்துச்சு. பாதியில விட்ட இடத்துலயே நின்னுச்சு. ஜெகதீஸ் சத்தமில்லாம முகத்தைத் துடைச்சுக்கிட்டான், நானும் பாத்தும் பாக்காதது மாதிரி இருந்துக்கிட்டேன்.

என்ன பார்டர்னு கேக்கமாட்ட, நானே சொல்றேன். முண்டு மிளகாய். குண்டு குண்டா சிவப்பு மிளகாய், காம்பு பச்சை, மாம்பழ மஞ்சள் சேலையில. திருச்சுழிப் பக்கம் களத்துல காயுறதை பஸ்ஸுல போறப்பப் பார்த்து மனசுல வச்சிருந்தேன். கட்டத்துல போட்டா மிளகாய் முதல்ல கத்திரிக்காயா வந்துச்சு, ஒவ்வொரு கட்டமா அழிச்சு அழிச்சுக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை வெளக்கேத்துறதுக்கு முன்னாடி முத்துமணிகிட்டக் கொடுத்தாச்சு. இதை யாருக்கா கட்டுவா, கண்ணு எரியும்லன்னு சிரிச்சா, ஆனா தறியில ஏத்திட்டா. கடைக்காரங்க பார்டர் படத்தைப் பார்த்துட்டே இன்னும் வேணும்னாகளாம், பச்சைச் சேலையிலயும் கேட்டிருக்காக. குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. அது வரட்டும், வராம போகட்டும், பார்டர் இல்லாத சேலையை எவளும் கட்ட மாட்டா.

இப்ப உன் விசயத்துக்கு வாரேன். நீ கஷ்டப்படுறது எனக்குத் தெரியாம இல்ல. வேலைக்கும் போயி, பிள்ளையை அங்க விட்டு இங்க கூட்டி, காய்ச்சல்னா லீவு கேட்டு நிக்கிறது எல்லாம் ஜெகதீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. எங்கிட்ட எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்ற, அவன்கிட்ட அழுற. எனக்கு நீ வேணும்மான்னு ஒருவாட்டி என்னைப் பார்த்துக் கேட்டியா? கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன். நீ என்ன செஞ்ச, கையில இருக்கிற வேலையைப் பறிச்சுட்டா கிழவி தானா வந்துருவான்னு நினைச்ச. நான் கிழவி இல்ல பானு. நாப்பது வயசுக்கு மேல சின்னப் பிள்ளைகளோட பெஞ்சுல உக்காந்து மௌசைப் பிடிக்கப் படிச்சவ. இந்தத் தெருவுல என்னை திம்மையா சம்சாரம்னு கூப்பிட்ட காலம் போயி, பார்டர் அக்கான்னு கூப்பிடுறாக. அதை விட்டுட்டு வேலை இல்லாதவளா உன் வீட்டு சோபாவுல வந்து உக்காந்தா, நாலாவது மாசமே உனக்கு நான் பாரமாயிருவேன், எனக்கும் நான் பாரமாயிருவேன். உனக்கு அம்மா வேணும்னா முழுசா இருக்கிற அம்மா வரட்டும். மிச்சம் மீதி வந்து என்னத்துக்கு ஆகும்?

அதனால நான் முடிவு பண்ணதைச் சொல்றேன், இதுல பேச்சுக்கு இடமில்ல. தைப்பொங்கலுக்கு அப்புறம் எங்க வேலை கொஞ்சம் ஓயும். அப்ப நானும் அப்பாவும் வாரோம். சித்திரை பிறக்கிற வரைக்கும் இருப்போம். ஹரியைப் பார்த்துக்கிடுறேன், நீ நிம்மதியா வேலைக்குப் போ, ராத்திரி நல்லாத் தூங்கு. சித்திரையில நான் திரும்பிருவேன், ஆடித் தள்ளுபடிச் சேலைக்கு பார்டர் போட ஆளு வேணும்ல. போறதுக்கும் வாறதுக்கும் சேர்த்தே டிக்கெட்டு போடு, போறதுக்கு மட்டும் போட்டா நான் ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும்கூட வர மாட்டேன். நான் இல்லாத நேரத்துல பெட்டியை ஜெகதீஸ் வாரம் ஒருக்க போட்டு ஓட்டி வைப்பான், துணி போர்த்தி வைப்பான், அவனே ஒத்துக்கிட்டான்.

ஹரிக்கு இருமல்னு சொன்னியே, பாலுல மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் கொடு, ஐஸ் தண்ணி கொடுக்காத. நீயும் மத்தியானத்துக்கு அந்தக் காஞ்ச ரொட்டியைத் தின்னாம சோறு கட்டிக்கிட்டுப் போ. மாப்பிள்ளையையும் ஒரு வேளை சமைக்கச் சொல்லு, கை தேஞ்சு போகாது. இங்க தண்ணி இழுத்தடிச்சுத்தான் வருது, மழை இன்னும் இல்ல, அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல. பெட்டியைத் தூக்கிட்டு வந்ததுல இருந்து நல்லா நடக்குறாக, அதுக்கு நீதான் காரணம்னு சொல்லச் சொன்னாக.

அம்மன் உன் வயித்தையும் மனசையும் குளிர வைக்கட்டும். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் தீர்க்காயுசு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. இனிமே அழணும்னா எனக்குப் போன் போடு. எந்நேரம்னாலும் எடுப்பேன், பார்டர் போட்டுக்கிட்டு இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன்னை மன்னிச்சும் கோபம் ஆறாத அம்மா,
தி. ஜக்கம்மாள்.