நாலாம் மாடியில் படித்த ஐந்து வரிகள்

அன்பு மகள் வாயாடிக்கு உன் சித்தப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, சின்னவள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை மட்டும் இந்த முறை போனில் கேட்டதாக இல்லாமல் உன் முகத்தைப் பார்த்தவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருக்கிறோம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்று உனக்கே தெரியும். கொண்டுவந்திருப்பவர் என் பழைய கூட்டாளி, சரக்குக் கப்பலில் சமையல்காரர், முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தவர். கேட்டில் உன் தாய்மாமன் என்று சொல்லிக் கேட்பார், நீயும் மாமா என்றே கூப்பிடு. கடைசி வரி படித்து முடிக்கும் வரை அவர் பக்கத்தை விட்டு நகராதே, ஏன் என்று போகப் போகப் புரியும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பா இப்போது ஜப்பானிய மொழி பேசுகிறான். சிரிக்காதே. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான், இருபத்தாறு வருஷமாக ஒரே லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மந்திரி முதல் மாவு மில்காரர் வரை ஏற்றி இறக்குகிறவன்தான், ஆனால் பத்து வாரமாக அதே கட்டடத்து நாலாம் மாடியில், நீ படித்த அதே வகுப்பில், அதே ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். காரணம் நீதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேச ஆரம்பித்தால் சித்தி அடுப்பு வேலையெல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் நீ இன்னும் முதல் கதையிலேயே நிற்பாய். வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாயே, அதற்குப் பிறகு ஐந்தே வரி. ஒவ்வொரு வரியையும் முதலில் அவர்கள் மொழியில் சொல்லி, பிறகு நம் மொழியில் சொல்லி, வைத்துவிடுவாய். சித்திக்குப் பெருமை தாங்கவில்லை, "என்ன அழகா பேசறா பாருங்க, அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டா" என்று எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் போய்ச் சொன்னாள். நீ அவர்கள் மொழியில் சொன்னால் நானும் பதிலுக்கு அதே மொழியில் நாலு வார்த்தை எடுத்துவிட வேண்டாமா, அண்ணன் போன பிறகு உன்னைக் கையில் வாங்கி வளர்த்தவன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டா நிற்பது, என்றுதான் உன்னை ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட்டிடம் போய், நானும் வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். தாராளமா வாங்க, உங்களுக்கு இல்லாத இடமா என்றார்.

மொழி ஒன்றும் பிரமாதம் இல்லை. யார் என்று முதலில் சொல்லி அதன் பின்னால் ஒரு வா போட வேண்டும், எதை என்று சொல்லி அதன் பின்னால் ஒரு ஓ போட வேண்டும், அது நம்முடைய ஐ மாதிரி, செய்கிற காரியம் எப்போதும் கடைசியில். வாத்தாஷி வா பான் ஓ தாபேமாசு, நான் ரொட்டியைச் சாப்பிடுகிறேன், நாம் சொல்கிற அதே வரிசை, ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். கேள்வி வேண்டுமென்றால் வாலில் ஒரு கா ஒட்டினால் போதும். இதை நம் ஆள் எவனோ ஒருத்தன் அந்தக் காலத்தில் போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன், கைதட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. சரி, பத்து இல்லை, இரண்டு பேர் தட்டினார்கள். லிஃப்டில் கூட இச்சி, நி, சான், யோன் என்றுதான் மாடியைச் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்றாம் மாடி வக்கீலம்மா, "என்ன அண்ணே, லிஃப்ட் இன்னிக்கு வெளிநாட்டுல நிக்குதா" என்று கேட்பார். உங்கள் டீச்சரம்மாவுக்கு மட்டும் என்மேல் அவ்வளவு மதிப்பு இல்லை, "நீங்க மொத வார்த்தையிலயே ஓட ஆரம்பிச்சிடறீங்க சார், கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் நில்லுங்க" என்பார். அங்கே ஆறு வருஷம் இருந்தீர்களே, எப்படி இருந்தது என்று ஒருநாள் கேட்டேன், மடங்காத அந்த இரண்டு விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "பாடத்தை மட்டும் கேளுங்க" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். மூன்று மாதத்துக்கு முன்னால் கீழ்த்தளத்து ஹாலில் ஏஜென்ட் ஒரு கூட்டம் போட்டார், பெண்ணைப் பெற்றவர்கள் நாற்பது குடும்பம் வந்திருந்தது. உங்க பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். நான் இரண்டு வார்த்தையில் நிற்கிறவனா. உனக்குத் தனி அறை என்றேன், ஜன்னலைத் திறந்தால் கடல் என்றேன், முதலாளியம்மா உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரிவிடுகிறாள் என்றேன், லீவு நாளில் அவர்கள் காரிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றேன். இதில் ஒன்றுகூட நீ சொன்னது இல்லை. கடல் நானாகக் கொண்டுவந்து வைத்தது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள், அதைப் பார்த்து நான் இன்னும் இரண்டு சேர்த்தேன். அன்றைக்கே பத்து வீட்டில் பெண்ணை அனுப்பக் கையெழுத்துப் போட்டார்கள், பதினொன்றாவதாக நம் சின்னவள், "அக்கா பக்கத்துலயே படுத்துக்கறேன்ப்பா" என்று நச்சரித்துப் பெயர் கொடுத்தாள், அவள் பாஸ்போர்ட்டை நானே கொண்டுபோய் நாலாம் மாடியில் கொடுத்தேன். பதினொரு பேருக்கும் இருபத்து மூன்றாம் தேதி விமானம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா கரும்பலகையில் ஐந்து வரி எழுதினார். நான் நலமாக இருக்கிறேன். வேலை கடினம், ஆனால் மகிழ்ச்சி. எல்லோரும் அன்பானவர்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். பெண்கள் எல்லாரும் முதலில் அவர்கள் மொழியில், பிறகு நம் மொழியில், கோரஸாகச் சொன்னார்கள். மூன்றாவது வரி வரும்போதே நாலாவது என்ன என்று எனக்குத் தெரிந்தது. முதலில் மார் விரிந்துதான் போயிற்று, என் மகள் படித்த பாடத்தை ஒரு எழுத்து மறக்கவில்லை பார் என்று. வகுப்பு முடிந்து எல்லாரையும் கீழே இறக்கிவிட்டுத் திரும்ப மேலே போய், இது எந்தப் பரீட்சைக்கு வரும் என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். கரும்பலகையை அழித்துக்கொண்டே, "பரீட்சைக்கு இல்லைங்க. போனுக்கு" என்றார். நீயும் இதைப் படித்துவிட்டுத்தானே போனாய், எங்களிடம் ஏனம்மா சொல்லவில்லை. சும்மா ஒரு பாடம் என்று நினைத்திருப்பாய், நானும் அங்கே இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நீ ஐந்து வரியையும் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து, நம் மொழியில் மெதுவாக, பாப்பா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். உன் பக்கத்தில் நின்றவனுக்கு அது புரிந்திருக்காது, ஆமாம் இல்லை என்று ஒரு இருமலிலாவது நீ சொல்லியிருப்பாய். என் புத்தி எங்கே போயிற்று பார். சித்தி எதிரில் நிற்கிறாள், சின்னவள் நிற்கிறாள், எதிர்வீட்டுக்காரர் வேறு பேப்பர் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார், பத்து வாரம் படித்ததைக் காட்டாமல் விடுவேனா. இரண்டாம் பாடத்தில் எந்தப் பொருளையும் வைத்து அது எங்கே என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற மாதிரி, பாசுபோதோ வா தொகோ தெசு கா என்றேன். உன் பாஸ்போர்ட் எங்கே. ஒரு ஆண் குரல் சிரித்தது, மிக அருகில், என் காதுக்குள்ளேயே சிரித்த மாதிரி. அப்புறம் போன் வைக்கிற சத்தம். "அட்டகாசம் சார்" என்று எதிர்வீட்டுக்காரர் என் கையைக் குலுக்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது, போன் வரவில்லை. நாங்கள் அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏஜென்ட் தனியாக லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடி தாண்டியதும், "ஜப்பானீஸ் சரளமா பேசறீங்களாமே, அங்கேயிருந்து சொன்னாங்க" என்றார். நான் இளித்தேன். "இனிமே வகுப்புக்கு வர வேணாம். உங்களுக்கும் வயசாச்சு. பொண்ணு வேற அங்கே இருக்கா, அவளுக்கு எதுக்கு சங்கடம்" என்று என் சட்டைக் காலரை ஒழுங்குபடுத்திவிட்டு நாலாம் மாடியில் இறங்கிப் போனார். கதவை மூட எனக்குக் கை வரவில்லை. போன வருஷம் ஒரு தகப்பன் மூன்று முறை நாலாம் மாடிக்குப் போய்வந்தார், சட்டைப் பையில் ஒரு பெண்ணின் போட்டோ வைத்திருப்பார், இறங்கும்போது ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வார். கவலைப்படாதீங்க, என் பொண்ணும் அங்கேதான் போகப்போறா, ராஜாத்தி மாதிரி வெச்சுப்பாங்க என்று நான் அவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வை என்ன என்று இப்போதுதான் புரிகிறது.

சித்திக்கு இதெல்லாம் தெரியாது. போன் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதை மட்டும் கூட்டிக் குறைக்காமல் சின்னதாகச் சொன்னேன், நம்பிவிட்டாள். நேற்று மாலை டீச்சரம்மா படிக்கட்டில் இறங்காமல் என் லிஃப்டுக்கு வந்தார். ஒரு துண்டுக் காகிதத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, "பாஸ்போர்ட் கையில இல்லாட்டியும் நம்ம தூதரகத்துல உள்ள விடுவாங்க. நான் அப்படித்தான் வந்தேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். காகிதத்தில் இருந்த தூதரக விலாசத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அவர்கள் எழுத்திலேயே பார்த்து வரைந்திருக்கிறேன், டாக்சிக்காரரிடம் காட்டினால் போதும். கப்பல் நாளைக் காலை கிளம்பிப் பதினெட்டாம் தேதி அங்கே துறைமுகத்துக்கு வரும், அன்றைக்கோ மறுநாளோ சமையல்காரர், கட்டடம் மாறியபோது நீ சொன்ன விலாசத்தை வைத்துக்கொண்டு, உன் கேட்டுக்கு வருவார். நீ பயப்படுகிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை, நான்தான் வழக்கம்போல இல்லாததைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றால், அதை அவரிடம் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பு, உன் சித்தப்பா ஆயுசுக்கும் உன்னிடம் திட்டு வாங்கத் தயார். இல்லையென்றால் அவரோடு நட.

இருபதாம் தேதி விடிந்ததும் நான் பத்து வீட்டுக் கதவையும் தட்டப் போகிறேன். கடல் இல்லை, தனி அறை இல்லை, தலை வாரிவிடுகிற அம்மா இல்லை, நான் சொன்னது எல்லாம் புளுகு, பெண்ணை அனுப்பாதீர்கள் என்று சொல்லப் போகிறேன். முகத்தில் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். முதல் கதவைத் தட்டிய அரைமணி நேரத்தில் ஏஜென்ட்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் அங்கே தெரியும். இன்னும் ஒருநாள் பொறுக்கலாமே என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் பொறுத்தால் அந்தப் பிள்ளைகள் பெட்டி கட்டிவிடுவார்கள், சின்னவள் இப்போதே பாதி கட்டிவிட்டாள். அதனால் நான் வாயைத் திறக்கிற நேரத்தில் நீ அந்தச் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். சமையல்காரர் உன்னைப் பார்க்க முடியாமல் திரும்பினால் அன்றைக்கே எனக்குத் தந்தி மாதிரி ஒரு போன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படி வந்தாலும் நான் பத்து வீட்டுக்கும் போவேன், பாப்பா. அதற்காக என்னை நீ மன்னிக்க வேண்டும், இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

எங்கே இருந்தாலும் உன் உடம்பில் ஒரு கீறல் விழாமல் நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று சித்தப்பாவும் சித்தியும் ஆசீர்வாதம் செய்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். துணி, பெட்டி, பாக்கிச் சம்பளம் எதற்காகவும் திரும்ப உள்ளே போகாதே. காலில் செருப்பு இல்லையென்றால் இல்லாமலே வா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் சித்தப்பா